இரட்டை மோட்டார் விமானமும் 250 கிராம் கோடும்

ஆரணி, போளூர் பக்கத்துத் தறிக்காரர் வீடுகளில் எடையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு மார்க் ஜரிகை ஏறக்குறைய 240 கிராம் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த எடையைக் கொஞ்சம் தாண்டி, 250 கிராமில், நம் வான்போக்குவரத்துச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ரிமோட்டில் பறக்கும் விமானம் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் தொல்லை குறைவு. கோட்டைத் தாண்டினால், அது வெறும் தெர்மாகோலில் செய்ததாகவே இருந்தாலும், பதிவு எண்ணும் காப்பீடும் அபராதமும் அதன் பின்னாலேயே வரும். விமானம் வாங்கித் தரும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு இந்தக் கோடு இருப்பதே தெரியாது. ஆகவே பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பேட்டரியோடு சேர்த்து விமானத்தைத் தராசில் வைப்பதுதான்.

‘இரண்டு மோட்டார் விமானம்’ என்ற பெயரில் விற்பவை உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் ஃபோம் பொம்மை. இறக்கையில் இரண்டு குட்டி மோட்டார் இருக்கும். வாலில் அசையும் பகுதி எதுவும் கிடையாது. இடது மோட்டார் வேகமாகச் சுற்றினால் விமானம் வலது பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து முடுக்கினால் ஏறும். எடை 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இன்னொன்று, ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை கொண்ட மாடல் விமானம். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி வேகக்கட்டுப்பாட்டுக் கருவி (இ.எஸ்.சி. என்பார்கள்), சர்வோக்கள், ரிசீவர், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். முதலாவதைக் காற்று அடித்துக்கொண்டு போகும். இரண்டாவது ஆளை அடிக்கும்.

‘ஒரு மோட்டார் நின்றாலும் இன்னொன்று காப்பாற்றும்’ என்பது விற்பவர் பேச்சு. பழகாத கையில் நடப்பது நேர்மாறு. இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் இழுவை இருக்கும்போது விமானம் நின்றுபோன மோட்டார் பக்கமாக மூக்கைத் திருப்பும்; அந்த இறக்கை தாழும்; பதறிப்போய் த்ராட்டிலை இன்னும் கூட்டினால் சுழன்றுகொண்டே தரையில் குத்தும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: த்ராட்டிலை உடனே பூஜ்யத்துக்கு இறக்கி, இறக்கையைச் சமப்படுத்தி, சறுக்கி இறங்க விடுவது. இரண்டு மோட்டார் என்றால் பழுதாகும் இடங்களும் இரண்டு. அதனால் முதல் விமானமாக மேலிறக்கை கொண்ட ஒற்றை மோட்டார் பயிற்சி விமானமே நல்லது என்பது என் கருத்து. அதற்கும் முன்னால் சில வாரம் கணினியில் சிமுலேட்டரில் விழுந்து எழுந்தால் செலவு மிச்சம்.

இரட்டை மோட்டாரேதான் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய சில நுட்பங்கள் உண்டு. இரண்டு இ.எஸ்.சி.யும் ஒரே வேகத்தில் தொடங்கும்படி த்ராட்டில் அளவை இரண்டுக்கும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டுமே ரிசீவருக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும் வகையாக இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும். அதனால் ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுவது வழக்கம். இடதும் வலதும் எதிரெதிராகச் சுற்றும் அமைப்பு என்றால் ப்ரொப்பல்லர்களும் அதற்கேற்ற ஜோடியாக இருக்க வேண்டும். ப்ரஷ்லெஸ் மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் மூன்று ஒயரில் எந்த இரண்டையும் மாற்றினால் திரும்பிவிடும். இந்த வேலைகள் அத்தனையும் ப்ரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்பவை. பேட்டரியை இணைத்த நொடியில் மோட்டார் சீறி விரலைக் கிழிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நேரும் காயம். டிரான்ஸ்மிட்டரை முதலில் போட வேண்டும், பேட்டரியை அடுத்து; அணைக்கும்போது தலைகீழ். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் தானாகப் பூஜ்யத்துக்கு வரும் ‘ஃபெயில்சேஃப்’ அமைப்பை, விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்லின் பூங்கா ஒன்றில், ரேடியோ ஹெலிகாப்டர் ஓட்டுவதில் கைதேர்ந்த 19 வயது இளைஞர் தன் ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கி அங்கேயே இறந்தார்.

ஆனால் போளூர் போன்ற ஊரில் எனக்கு விமானத்தைவிட அதன் பேட்டரி மீதுதான் அச்சம் அதிகம். லிப்போ செல் ஒன்றின் சாதாரண அளவு 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. அதற்கு மேல் ஏற்றினாலும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டாலும் செல் கெடும். கெட்ட செல்லை மறுபடி சார்ஜில் போடும்போதும், விழுந்து நசுங்கிய செல் உள்ளுக்குள் உரசிக்கொள்ளும்போதும் தீப்பிடிக்கும். அது ஊதி அணைக்கிற தீயல்ல. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைக் கிளப்பிவிடும். புகையில் நச்சு வாயு இருக்கும். பட்டு நூல் சட்டென்று பற்றி எரியும் பொருள் இல்லை என்பது நெசவாளர்களுக்குத் தெரியும். ஆனால் தறிக்கட்டை மரம், ஜக்கார்டு அட்டை காகிதம், சுற்றிலும் பஞ்சும் துணியும். ஒரு பாவு கருகினால் அது பல வார உழைப்பு. தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ தறி இருக்கும் வீட்டில் லிப்போவைச் சார்ஜ் செய்வதானால் தறி அறையில் வேண்டவே வேண்டாம். திண்ணையிலோ முற்றத்திலோ, சிமென்ட் தரையில், மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யலாம். படுக்கப் போகும்போது சார்ஜில் போடுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

செல்களைத் தனித்தனியாகச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர் அவசியம். 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் என்ற கணக்கே பாதுகாப்பானது. சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரியைத் தயங்காமல் ஒதுக்குங்கள். அதைக் குப்பை வண்டியில் போடக்கூடாது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன; வாங்கிய கடையில் கேளுங்கள். தீப்பிடித்துவிட்டால் ஆட்களை வெளியேற்றி, மணலைக் கொட்டுங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு நிறையத் தண்ணீரும் ஊற்றலாம், சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம். தீயணைப்புக்கு 101, பொது அவசரத்துக்கு 112.

இனி சட்டம். 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் நான்கு விசிறி வைத்த ட்ரோனுக்கு மட்டுமானவை அல்ல; விமான வடிவில் இருப்பதையும் சேர்த்தே பேசுகின்றன. 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறப்பதை அவை ‘மாடல்’ வகை என்று தனியாக வைக்கின்றன. இந்த வகைக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை, வணிக நோக்கமில்லாமல் பறக்க விடுபவருக்கு விமானி சான்றிதழும் வேண்டாம். 2022 பிப்ரவரித் திருத்தமும் இதை உறுதி செய்தது. ஆனால் 250 கிராமுக்கு மேல் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் பெற வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ஊரில் எந்த முகவரிடம் கேட்டாலும் பொழுதுபோக்கு விமானத்துக்கு பாலிசி என்றால் முழிப்பார் என்பது வேறு விஷயம். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில ட்ரோன் பாலிசி தருகின்றன, கேட்டு வாங்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

வானத்தை மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை யாருடைய முன் அனுமதியும் தேவையில்லை. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அரசு வெளியிட்டுள்ள வான்வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பறக்கும் அன்றைக்கே பாருங்கள். ஏனென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரி, ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். திருவண்ணாமலைக் கார்த்திகை தீபம், பெரிய தலைவர்களின் வருகை என்றால் விமானத்தைப் பரண் மீது வைத்துவிடுவது உத்தமம்.

பச்சை மண்டலம் என்பது வானத்துக்குத்தான். காலடி நிலத்துக்கு உரியவர் வேறு. அறுப்பு முடிந்த கழனி என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வற்றிய ஏரி பொது இடம். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு அங்கே உங்களுக்கு முன்பிருந்தே பாத்தியதை உண்டு. காற்று அடங்கிய விடியற்காலை நல்லது. மோட்டார் கொட்டாய்களுக்குப் போகும் மின்கம்பிகளையும், ஊர் வழியாகப் போகும் காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையையும் தள்ளியே இருங்கள். ரயில் பாதையின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். கம்பியில் சிக்கிய விமானத்தைக் கழியால் தட்டி எடுக்கப் போனால் உயிர் போகும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவர்கள் வந்து எடுத்துத் தரும் வரை காத்திருங்கள். கேமரா பொருத்தியிருந்தால் இன்னொன்றும் உண்டு: அடுத்த வீட்டு மொட்டை மாடியும் குளிக்கும் இடமும் படத்தில் விழுவது குற்றமாகலாம்.

போலீஸ் வந்து கேட்டால் பதிவு எண்ணையும் வரைபடத்தின் நிறத்தையும் காட்டி மரியாதையாகப் பேசுங்கள். எடுத்துக்கொண்டு போனால், கைப்பற்றியதற்கான பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. பொருளைத் திரும்பக் கேட்டு நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். அதற்கு வழி 503-ஆம் பிரிவு.

விமானம் யார் மீதாவது விழுந்தால் பறக்க விட்டவர் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும்; விபத்தென்றால் 48 மணி நேரத்துக்குள் இயக்குநரகத் தளத்தில் தெரிவிக்க வேண்டும். அடிபட்டவர் பக்கமும் பேச வேண்டும். ‘பிள்ளைங்க விளையாட்டு, விடுங்க’ என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுவதற்கு முன்னால், அரசு மருத்துவமனையில் எப்படிக் காயம் பட்டது என்பதைச் சொல்லி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிடுங்கள். பிறகு எதற்குப் போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாக நடப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. காயம் பட்டால் ஆறு மாதம் வரை, கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் தந்தவருக்கு இலவசம். நிலையத்தில் பதிய மறுத்தால் எழுத்து மூலம் எஸ்.பி.க்கு அனுப்பலாம். நஷ்டஈடு கேட்க வக்கீலுக்குப் பணமில்லாத பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

பொருளே கோளாறாக வந்தால்? 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது. முத்திரை இல்லாத விமானத்தைப் பார்த்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் முழு விமானமாக வரவழைப்பதிலும் சிக்கல் உண்டு. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ கிட்டாகவோ இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. சுங்கத்தில் ட்ரோன் கணக்கில் நிறுத்திவிட்டால் கட்டிய பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. உள்நாட்டு விற்பனைத் தளம் என்றால் அதன் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். போளூர்க்காரருக்கு அது திருவண்ணாமலை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. பேட்டரி வெடித்துக் காயமோ தீயோ ஏற்பட்டால், 2019-ன் நுகர்வோர் சட்டம் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்கி நஷ்டஈடு கேட்க வழி செய்கிறது. அதற்குப் பில்லும், பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோவும், எரிந்த மிச்சமும் வேண்டும். பெரும்பாலோர் கோபத்தில் முதலில் தூக்கி எறிவது அந்த எரிந்த மிச்சத்தைத்தான்.

பிள்ளைக்கு இதில் உண்மையான ஆர்வம் என்றால் தனியாக அலைய விடாதீர்கள். என்.சி.சி.யின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பாடமாகவே இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் வளர்ந்த தக்ஷா மாணவர் குழுவுக்கு, ஏரோமாடலிங்கில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார் 2018-ல் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு ஆஸ்திரேலியப் போட்டி வரை போய்வந்தது. கல்லூரிக்குப் போனபின், ஐ.ஐ.டி.க்களோடு சேர்ந்து போயிங் நடத்தும் தேசிய ஏரோமாடலிங் போட்டியில் கலந்துகொள்ளலாம்.