மரத்தைத் தேர்வு செய்வது யார்? சேஷாசல மலைகளில் எழும் கேள்வி

புது தில்லி: திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து செல்பவர் சற்றுக் கவனித்தால், ஒரே மலையில் இரு வேறு காடுகளைக் காணலாம். பாறை இடுக்குகளில் வேர் பிடித்து, கோடையில் இலையுதிர்த்து, முதல் மழைக்குத் துளிர்க்கும் செம்மரமும் வெக்காலியும் புரசும் நிறைந்த காடு ஒன்று. கோயில் நகரை நெருங்கும்போது தென்படுவது மற்றொன்று. ஒரே உயரம், ஒரே நிறம், அடியில் புல் பூண்டு அதிகமில்லை. அவை ஆஸ்திரேலியாவையும் பப்புவா நியூகினியையும் தாயகமாகக் கொண்ட அகேசியா மரங்கள். மலையை விரைவில் பசுமையாக்கும் நோக்கில் முந்தைய தலைமுறையினர் நட்டவை.

இந்த அகேசியாவைப் படிப்படியாக அகற்றி, மண்ணுக்குரிய மரங்களை நடவேண்டும் என்ற கருத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது. திருமலையின் பசுமைப் பரப்பை 68.14 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்த்துவது என்று தேவஸ்தான அறங்காவலர் குழு 2025-ல் முடிவு செய்தது. பணியைச் செய்யவிருப்பது ஆந்திர வனத்துறை.

சதவீதம் முடிவாகிவிட்டது. அந்தச் சதவீதத்தை எந்த மரங்களைக் கொண்டு நிரப்புவது என்பதும், அதை யாரைக் கேட்டு முடிவு செய்வது என்பதும்தான் எஞ்சியுள்ள கேள்விகள். திருமலைக்கு மட்டுமன்றி, காடு வளர்ப்புக்கென மத்திய அரசு மாநிலங்களுக்கு அளித்துள்ள பல்லாயிரம் கோடி ரூபாய்க்கும் இவை பொருந்தும்.

வேறெங்கும் இல்லாதவை: சித்தூர், கடப்பா மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் சேஷாசல மலைத் தொடரில் சுமார் 4,756 சதுர கிலோ மீட்டர் பரப்பு 2010 செப்டம்பரில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. (சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4-ல்தான்.) இயற்கையில் ஆந்திரத்தின் தென் கோடி மலைகளையும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளையும் தவிர வேறெங்கும் வளராத மரங்கள் இங்கு பல உள்ளன. செம்மரம் உலகறிந்தது. தம்பகம், கொண்ட சாம்பிராணி, தெல்ல கரக்காய என்று தெலுங்கில் அழைக்கப்படும் வெண்கடுக்காய், காட்டு நாவல் இனமான மொகி ஆகியவற்றை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். பன்னாட்டு வர்த்தகம் ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்ட தாவரங்களின் பட்டியலில் உள்ள ஒரு சைகஸ் இனமும் இம்மலைகளில்தான் வளர்கிறது.

ஆனால், அடிவாரக் கிராமங்களிலும் குடியிருப்புகளிலும் வாழும் யானாதி, இருளர், எருகுலர், சுகாலி மக்கள் இவற்றைப் பெயர் சொல்லி அழைப்பர். தேன், பிசின், கடுக்காய், நெல்லி, பூந்திக்கொட்டை, சாரப்பருப்பு என ஆண்டு முழுவதும் காட்டிலிருந்து ஏதேனும் ஒன்றைச் சேகரித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். எந்த மரம் எந்த மாதத்தில் காய்க்கிறது, எந்தப் பூவுக்குத் தேனீ வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு வாழ்க்கைக் கணக்கு.

இந்த அறிவு எழுத்தில் பதிவாகாமலும் இல்லை. திருப்பதியிலுள்ள மூலிகை நாட்டார் வழக்காற்று ஆய்வு மையம், சித்தூர் மாவட்டப் பழங்குடியினரின் மருத்துவ முறைகளைத் தொகுத்து 1997-ல் நூலாக வெளியிட்டது. மாவட்டத்தின் பூக்கும் தாவரங்களைப் பற்றி மாதவ செட்டியும் உடன் ஆசிரியர்களும் எழுதிய விரிவான நூல் 2008-ல் வந்தது. எனினும் இவை பெரும்பாலும் மருந்துக்காகப் புரட்டப்பட்டன. எந்தச் சரிவில் எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கும் அங்கு விடை இருக்கக்கூடும் என்று எண்ணியவர்கள் குறைவு.

ஆடு தின்னாத மரம்: ஏட்டில் நட்ட கன்றுகள் காட்டில் பிழைக்காமல் போவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று: ஆடு மாடு, தீ, கோடை. இம்மூன்றுக்கும் உள்ளூர் அறிவில் நேரடியான பதில் உண்டு. விராலிச் செடியை ஆடு கடிப்பதில்லை. அதனால் மொட்டைச் சரிவில் முதலில் தழைப்பது பெரும்பாலும் அதுவே. விராலிப் புதரின் நிழலில் விழுந்த விதை, திறந்த வெளியில் விழுந்ததைவிடப் பிழைக்க வாய்ப்பு அதிகம். மணமுள்ள புரச இலையையும் கால்நடைகள் விரும்புவதில்லை. மாறாக, ஆச்சா மரத்தின் தழை கால்நடைக்கு உகந்த தீவனம். பட்டையில் நார் உரித்துக் கயிறு திரிக்கலாம். மேலோட்டமான கல் நிலத்திலும் அது நிற்கும். ஆனால், இளங்கன்றாக இருக்கும்போது காவல் வேண்டும். தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியைத் தரும் உசில், வெட்ட வெட்டத் தழைக்கும். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டை மரமும் வறண்ட காட்டுக்குரியதே.

செம்மரத்தின் கதை தனி. குவார்ட்சைட் பாறை நிலத்தில், நீர் தேங்காத சரிவுகளில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்வது அதன் இயல்பு. வளமான வயலில் நட்டால் உயரம் கூடும். சிவந்த வைரம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அதன் நெற்றும் எளிதில் முளைப்பதன்று. சாணக் கரைசலில் ஊற வைத்து விதைக்கும் நாட்டு வழியைத்தான் நாற்றங்கால்களும் கையாண்டு வருகின்றன.

காட்டில் விதைப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். கொன்றை, தும்பிலி ஆகியவற்றின் பழங்களைத் தின்னும் கரடி, அவற்றின் விதைகளை வெகுதூரம் கொண்டு சேர்க்கிறது. நாவலை மரநாயும் பறவைகளும் பரப்புகின்றன. பழ மரங்களை முதலில் நட்டால், மற்ற விதைகளை விலங்குகளே கொண்டு வரும் என்பது கிராமத்தார் கண்ட உண்மை. 1994-ல் தாய்லாந்தின் சியாங்மாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட காடு மீட்பு ஆய்வுப் பிரிவு பின்பற்றும் முறையின் அடிப்படையும் இதுவே. முதலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவான அம்முறையைத் தமது காட்டுக்கேற்ப மாற்றிய சியாங்மாய் ஆய்வாளர்கள், மாங் பழங்குடியினரின் கிராமம் ஒன்றோடு இணைந்து அதைச் செயல்படுத்தினர்.

இதற்கு மாறானதும் சித்தூர் மாவட்ட வரலாற்றில் உண்டு. மதனப்பள்ளி அருகேயுள்ள ஏனுகு மல்லம்ம கொண்டா, ஆங்கிலேய ஆட்சியர் ஹார்ஸ்லி அங்கு கோடை மாளிகை கட்டிய பின் ஹார்ஸ்லி ஹில்ஸ் ஆனது. இன்று அதன் அடையாளம் தைல மரம். மலையின் பெயரோடு மரமும் மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பணம் உண்டு, கேள்வி இல்லை: வனநிலத்தை வேறு பணிக்கு எடுப்போர் செலுத்தும் தொகையில் ஈடுகட்டும் காடு வளர்ப்பது எந்த அளவில் நடந்தது என்று மத்திய தணிக்கைத் துறை ஆராய்ந்தது. 2013-ல் வெளியான அறிக்கையின்படி, 2006 முதல் 2012 வரை ஈடாகப் பெறவேண்டிய வனமல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். மரம் நடப்பட்டது 7,280 ஹெக்டேரில். அதாவது 7 சதவீதம்.

தேங்கிக் கிடந்த நிதியை மாநிலங்களுக்கு அளிக்கும் மசோதா 2016 மே 3-ல் மக்களவையிலும், ஜூலை 28-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மரம் நடுவதற்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் திருத்தம் கொண்டுவந்தார். விதிகளில் இது கவனிக்கப்படும் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் அனில் மாதவ் தவே உறுதியளித்ததையடுத்து அவர் அதைத் திரும்பப் பெற்றார். தவே 2017-ல் காலமானார். 2018-ல் வந்த விதிகளில் இருந்தது 'ஒப்புதல்' அன்று, 'கலந்தாலோசனை'. அதுவும் கிராம சபை அல்லது வனப் பாதுகாப்புச் சமிதி என்ற அளவில். 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடி வழங்கப்பட்டது.

ஒரு சொல் மாறியதால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். கலந்தாலோசனை என்பது தயாரான பட்டியலைப் படித்துக் காட்டுவதிலும் முடிந்துவிடலாம். ஒப்புதல் வேண்டுமெனில், பட்டியல் தயாராகும்போதே கிராமத்தாரிடம் செல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்தில் இடமில்லாமலும் இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் கிராமத்துக்கு உரிமை அளிக்கிறது. பல்லுயிர் சார்ந்த மரபு அறிவின் மீதான உரிமையையும் அங்கீகரிக்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். 17 ஆண்டுகள் கழிந்தும் பல மாநிலங்களில் பணி முடியாததால், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிடில் மாதம் ரூ.10 லட்சம் செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கெடுவுக்காக நிரப்பப்படும் படிவத்தில், ஒரு யானாதிக் கிழவரின் நாற்பதாண்டு அனுபவம் எந்தப் பத்தியில் ஏறும்?

எண்ணிக்கை மோகம் அரசுத் திட்டங்களை இன்னும் முற்றிலும் விட்டபாடில்லை. பசுமை வரவுத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் வந்த நெறிமுறை, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு வரவு என்றது. பாறையும் புல்வெளியும் கலந்த சேஷாசலச் சரிவு போன்ற இடங்களில் அந்தக் கணக்கு பொருந்துமா என்ற விமர்சனம் எழுந்தது. 2025-ல் நெறிமுறை திருத்தப்பட்டு, ஐந்தாண்டு பராமரிப்பும் விதான அடர்த்தியும் அளவுகோலாக்கப்பட்டன. முன்னேற்றம்தான், ஆனால், விதான அடர்த்தியை அகேசியாவும் தரும்.

கோடரி அறிந்த கைகள்: மரபு அறிவுக்கு மதிப்பில்லாமல் போனால் அது வேறு சந்தையைத் தேடும் என்பதற்கு இதே மலைகளில் தமிழகத்துக்கு மறக்க முடியாத சான்று உண்டு. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலக் காட்டில் போலீஸார் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டதாகப் போலீஸார் கூறினர். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஜவ்வாது மலை உள்ளிட்ட பகுதிகளின் மலைவாழ் மக்களைக் கடத்தல் கும்பல்கள் கூலிக்கு அழைத்துச் சென்றதற்குக் காரணம், மரத்தையும் மலையையும் அவர்கள் அறிந்திருந்ததே. நாற்றங்காலுக்கு விதை சேகரித்துத் தர இதே அறிவு போதுமானது. அதற்கு நாட்கூலி கொடுத்து அழைக்க ஆள் இல்லை; வெட்டுவதற்கு அழைக்க ஆள் இருந்தது.

2014 மார்ச்சில் திருமலையைச் சுற்றிய காடு எரிந்தபோது விமானப் படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. நடப்படும் கன்று எதுவானாலும் அத்தகைய கோடைகளை அது கடந்தாக வேண்டும்.

சேஷாசல மரங்கள் பலவற்றின் விதை, எல்லா நாற்றங்கால்களிலும் விலைக்குக் கிடைப்பதன்று. பருவத்தில் காட்டுக்குள் சென்று, முற்றிய காயைப் பார்த்துப் பறித்து வரவேண்டும். இந்த மழைக்குச் சேகரித்த விதை, நடும் அளவுக்குக் கன்றாவது அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோதான். ஆகவே, அகேசியாவை வெட்டிய பின் கிராமத்தாரிடம் செல்வதில் பயனில்லை. அப்போது நாற்றங்காலில் எது தயாராக இருக்கிறதோ அதுவே மலைக்கு ஏறும்.