குழாய் போகும் வழியும் கன்று நடும் கையும்

"தம்பி, எங்க தோட்டத்துப் பக்கம் கேஸ் குழாய் போட்டப்போ வெளியூர்லேருந்து ஆளுங்க கூட்டங்கூட்டமா வந்தாங்க. வேலை முடிஞ்சதும் போயிட்டாங்க. நம்ம பிள்ளைங்க வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம்."

கிள்ளான் பக்கத்தில் முப்பது வருஷம் வெளிக்காட்டு வேலை செய்த ஓர் அக்கா, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என்னிடம் சொன்னது இது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல நமக்கு என்ன இருக்கு?"

தோழர்களே, விஷயத்தைப் பார்ப்போம்.

திரங்கானு கடலில் எடுக்கும் எரிவாயு, கெர்த்தேயிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியே 1990-களின் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கை எட்டியது. குழாய் புதைக்கப் பல கைகள் வேண்டும். புதைத்த பிறகு சில கைகள் போதும். குழாய்க்கு மேலே மரமும் நடக்கூடாது. வேர் குழாயின் மேல்பூச்சைக் கெடுக்கும். காடு அழிந்த அந்தப் பட்டை நிலம் புல்தரையாகவே கிடக்கும். அழிந்த பச்சைக்கு ஈடாக வேறு இடத்தில் காடு வளர்ப்பதே நியாயம். நீடித்த வேலையும் அங்கேதான் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? கோலசிலாங்கூர் வட்டாரத்து ராஜா மூசா காட்டைப் பாருங்கள். சுமார் 23,000 ஹெக்டர் சதுப்புக் காடு. வெட்டுமரம் இழுக்கக் கால்வாய் தோண்டினார்கள், தண்ணீர் வடிந்தது, காய்ந்த மண்ணில் தீப்பிடித்தது, புகை நம் லயங்கள் வரை வந்தது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றும் சேர்ந்து கால்வாய்களை அடைத்தன, கன்றுகள் நட்டன. சுற்றுக் கிராமத்தார் நாற்றுப் போட்டுக் கன்று விற்றார்கள். தீக்காவலும் பார்த்தார்கள்.

நாற்றுப் பாத்தி, பை நிரப்புதல், களையெடுப்பு இதெல்லாம் நமக்குப் புதுசா? ரப்பர் கன்றும் செம்பனைக் கன்றும் வளர்த்த கை நம் கை. தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றபோது நம் வேலை போச்சு, கைத்தொழில் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரல் 1 காலை, பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்; வீடுகள் கருகின. குழாய்க்கு அடியில் மண் நிலையாக இல்லாததால் பற்றவைத்த இடம் உடைந்தது என்றது விசாரணை. மண் சரிவதை முதலில் பார்ப்பவன் யார்? தினமும் அந்த வழியில் நடக்கும் உள்ளூர்க்காரன். அவனையே காவலுக்கு வைத்தால் வேலையும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

ஆகவே குழாயோ, காடு வளர்ப்போ உங்கள் ஊருக்கு வந்தால், வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயம் கேளுங்கள். உள்ளூர் ஆளுக்கு முதலிடம் என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நியமனக் கடிதமும், சேமநிதியும், சொக்சோவும் கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. அதற்குக் குறைத்துப் பேசும் குத்தகைக்காரரிடம் தலையாட்டாதீர்கள். பெண்களுக்கும் அதே கூலி என்று அழுத்திச் சொல்லுங்கள்.

தனியாகப் போய்க் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். பத்துப் பேராகப் போங்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பேரனைக் கூட்டிக்கிட்டு வர்றேன், பேரு எழுதிக்க தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த பெயர் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.