வீட்டுத் தீர்வைக்காக ஒரு மாநகராட்சி

சிவகாசியும் திருத்தங்கலும் ஒன்றாகி 2021இல் மாநகராட்சி ஆயின. எந்த ஊர் மாநகராட்சி ஆனாலும், மேயர் யார் என்பதற்கு முன்னால் ஜனங்கள் கேட்பது வீட்டுத் தீர்வை எவ்வளவு கூடும் என்பதைத்தான். அற்பக் கேள்வி என்று இதை ஒதுக்குகிறவர்கள், நாட்டின் முதல் மாநகராட்சி பிறந்த கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1688இல் மதராஸில் அது பிறந்ததே தீர்வைக்காகத்தான். ஊராட்சி நடத்தும் வித்தையை வெள்ளைக்காரன் நமக்குப் பெருந்தன்மையோடு கற்றுக்கொடுத்தான் என்ற பேச்சுக்கு அந்தக் காலத்து ஆவணங்கள் இடம் கொடுப்பதில்லை.

ஊரின் தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். சந்திரகிரியில் இருந்த விஜயநகர அரசருக்குக் கீழே இந்தக் கடற்கரையை ஆண்டவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் அவரிடம் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார். துறைமுக வருமானத்தில் நாயக்கருக்கும் பங்கு என்பது பேச்சு. இடமோ கூவம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே வெறும் மணல். கப்பல் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. பிறகு ஏன் அந்த இடம்? சுற்றுவட்டாரத்தில் துணி மலிவு. ஆனால் துணி வேண்டுமானால் நெசவாளி வேண்டும், சாயக்காரர் வேண்டும், முன்பணம் கொடுத்துச் சரக்கெடுக்கும் வியாபாரி வேண்டும். மணலில் வந்து குடியேற அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அதனால் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்தது: இங்கே குடியேறுகிறவர்கள் உண்பது, குடிப்பது, உடுப்பது எதற்கும் 30 ஆண்டுகளுக்குச் சுங்கம் இல்லை. பேரி திம்மப்பா போன்ற துபாஷிகள் இடையில் நின்று ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில் கறுப்பர் நகரம் எழுந்தது. பீரங்கியால் பிடித்த ஊர் அல்ல இது. சலுகை காட்டிச் சேர்த்த ஊர்.

கெடு முடிந்த பிறகு கணக்கு மாறியது. சிப்பாய்ச் செலவையும் மதில் செலவையும் ஊரே ஏற்கட்டும் என்று லண்டன் நெருக்கியது. 1686இல், வில்லியம் கிஃபோர்டு ஆளுநராக இருந்தபோது, வீட்டுத் தீர்வையை எதிர்த்து ஜனங்கள் கடைகளை அடைத்தார்கள். கம்பெனியின் லண்டன் தலைமையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜோசையா சைல்டுக்கு அப்போதுதான் யோசனை ஓடியது. ஆளுநர் அதிகாரம் காட்டிக் கேட்டால் ஆறு பென்ஸ் பெயராது. தாங்களே விதித்துக்கொண்டதாக ஜனங்கள் நினைத்தால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து தருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். அதன் விளைவுதான் 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம். ஒரு மேயர், ஆல்டர்மன்கள் எனப்படும் மூத்த அவை உறுப்பினர்கள் 12 பேர், அவர்களுக்குக் கீழே ஊர்ப் பிரதிநிதிகள். சிவப்பு அங்கி, முன்னால் ஏந்திச் செல்ல வெள்ளித் தடி, தலைக்கு மேலே குடை என்று ஜம்பத்துக்கும் குறைவில்லை. தீர்வைப் பணத்தில் நகர மண்டபம், சிறை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் எல்லாம் கட்டுவதாகத் திட்டம்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். அந்த முதல் 12 பேரில் போர்த்துக்கீசியரும் யூதரும் இருந்தார்கள். சின்ன வேங்கடாத்ரி உட்பட மூன்று இந்துக்களும் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இப்படியொரு அவை சாதாரணமா என்று கேட்கலாம். சாதாரணம் இல்லைதான். பல சாதியாரும் பல நாட்டாரும் பழகும் வியாபார ஊரில், ஒவ்வொரு கூட்டத்தின் தலைக்கட்டையும் உள்ளே இழுக்காமல் காசு பெயராது என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த முதல் ஆல்டர்மன்களை நியமித்தது கம்பெனி, ஊரார் அல்ல. சாசனத்தில் அரசரின் முத்திரை வேண்டாம், கம்பெனியின் முத்திரையே போதும் என்பதிலும் சைல்டு கண்ணாக இருந்தார். முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன் ஆளுநர் அவையின் உறுப்பினர். ஹிக்கின்சன் பிறந்தது அமெரிக்காவின் கனெக்டிகட்டில். அப்போது ஆளுநராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில். இவர்கள் பிறந்த மண்ணின் கதை வேறு. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் 1630இல் தங்கள் கம்பெனியின் சாசனத்தையே கப்பலில் எடுத்துப்போய், தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் திருச்சபை உறுப்பினருக்குத்தான் வாக்கு. பூர்வகுடிகளுக்கு எதுவும் இல்லை. என்றாலும் பிடி உள்ளூரில் இருந்தது. மதராஸின் பிடி லண்டனைவிட்டு நகரவே இல்லை.

தீர்வை நியாயமானதுதானே, மதிலும் சாக்கடையும் ஊருக்குத்தானே என்றும் சொல்லலாம். சரி, ஊருக்கும்தான். ஆனால் மதிலுக்குள் இருந்த கிடங்குச் சரக்கில் பெரும்பங்கு யாருடையது? லாபம் லண்டனுக்கு, காவல் செலவு மட்டும் குடியிருப்பவனுக்கு என்றால் எவன் ஒப்புவான்? அங்கியையும் குடையையும் பார்த்து ஜனங்கள் மயங்கவில்லை. எதிர்பார்த்தபடி தீர்வை வசூலாகவில்லை; அந்தப் பணத்தை நம்பிய மண்டபமும் பள்ளிக்கூடமும் எழவில்லை. 1726இல் வந்த புதிய சாசனம் ஆல்டர்மன்களை ஒன்பதாகக் குறைத்து, அதில் ஏழு பேர் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருக்க வேண்டும் என்றது. காசு பெயராத இடத்தில் நாற்காலி எதற்கு என்று கம்பெனி நினைத்திருக்கலாம். அந்த மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவராகப் பிட்டி தியாகராயர் பதவியேற்றது 1920இல்.