புயற்காலச் செய்தித் தொடர்பும் ரிப்பீட்டர் நிலையமும்

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையைக் கொண்டது நமது மாநிலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றும்போதெல்லாம் கடலோரக் கிராமங்கள் கவலையுறுவது இயல்பு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலற்றுப் போயின. எந்த ஊரில் குடிநீர் இல்லை, எந்தச் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே மருந்தும் படகும் உடனே தேவை என்ற செய்தி வந்து சேராவிடில், உதவி எவ்வளவு இருந்தும் அது வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேருவதில்லை. உணவும் உடையும் போலவே செய்தியும் துயர் துடைக்கும் பொருளேயாகும்.

இத்தகைய வேளைகளில் பயன்படும் சாதனங்களுள் ஒன்று அமெச்சூர் வானொலி. இதனை ஹாம் ரேடியோ என்றும் கூறுவர். அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்ற பொதுமக்கள், ஊதியம் கருதாமல், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு ஒருவரோடொருவர் பேசும் முறை இது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, வேறொரு நோக்கத்திற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த ஹாம் அன்பர்கள் உடனே துயர்த் துடைப்புச் செய்திகளை அனுப்பும் பணியில் இறங்கினர். பெரிய நிறுவனங்களின் கருவிகள் ஓய்ந்த நேரத்தில், ஒரு பாட்டரியும் ஒரு கம்பியும் கொண்ட எளிய நிலையம் பேசிற்று.

அந்தமானிலிருந்து பெருநிலத்திற்குப் பேச நெடுந்தூரம் செல்லும் சிற்றலைகள் உதவின. ஆனால் ஒரு மாவட்டத்திற்குள் ஊருக்கு ஊர் பேசுவதற்கு ஏற்றவை கையிலேயே எடுத்துச் செல்லக்கூடிய வி.எச்.எப். கருவிகளாம். இவற்றுக்குத் துணையாக வேண்டுவதே ரிப்பீட்டர் நிலையம்.

ரிப்பீட்டர் என்பது யாது?

ஏரிக்கரைக்கு இருபுறமும் இருவர் நிற்பதாகக் கொள்வோம். கரை இடையில் இருப்பதால் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. கரையின்மீது ஒருவன் நின்று, ஒருபுறம் சொல்வதைக் கேட்டு மறுபுறம் உரக்கக் கூறுவானாயின் இருவரும் தடையின்றிப் பேசலாம். ரிப்பீட்டர் செய்யும் வேலையும் இதுவே. கைக்கருவியின் மெல்லிய அலையை உயரமான இடத்தில் வாங்கி, அதே கணத்தில், மிகுந்த சக்தியுடன் மறுபடியும் பரப்புகிறது.

ஆனால் கேட்பதும் பேசுவதும் ஒரே அதிர்வெண்ணில் நடைபெற இயலாது. ஆகவே இரண்டு அதிர்வெண்கள் வேண்டும். நமது நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி ஹாம் அன்பர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் கேட்பதற்கும் பரப்புவதற்கும் இடையே 0.6 மெகாஹெர்ட்ஸ் வேறுபாடு வைப்பது வழக்கம். உதாரணமாக, நிலையம் 145.2-இல் பரப்புமாயின் 144.6-இல் கேட்கும்.

உயரமே முதல் தேவை

வி.எச்.எப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஏரியல் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆள் உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில் பிடித்த கைக்கருவிக்கு இது 5 கிலோமீட்டர்தான். தோப்புகளும் வீடுகளும் இடையில் இருப்பின் இன்னும் குறையும். 20 மீட்டர் உயரத்திற்கு 18 கிலோமீட்டரும், 60 மீட்டர் கோபுரத்திற்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டரும், 900 மீட்டர் மலையுச்சிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலும் கிடைக்கும்.

மலையருகில் உள்ள மாவட்டங்களுக்கு இயற்கையே கோபுரம் கட்டிக் கொடுத்திருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியோ சமவெளி. அங்கே கோபுரம் ஒன்றினாலேயே உயரம் பெறவேண்டும். பஞ்சாயத்தின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் ஓரளவு உதவும். அவ்வாறாயின், தொட்டியின் உறுதியைப் பொறியாளரைக் கொண்டு முன்னரே சோதித்தறிதல் வேண்டும்.

நிலையத்தின் உறுப்புகள்

கேட்கும் கருவி, பரப்பும் கருவி, இவ்விரண்டையும் இணைத்து நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி, டியூப்ளெக்ஸர், கேபிள், ஏரியல், மின்சார ஏற்பாடு ஆகியவையே முக்கிய உறுப்புகள்.

வாகனங்களில் வைக்கும் வானொலிக் கருவிகள் இரண்டைக் கொண்டே பலர் ரிப்பீட்டர் அமைக்கின்றனர். ஆனால் அக்கருவிகள் சிறிது நேரம் பேசிச் சிறிது நேரம் ஓய்வதற்கென்று செய்யப்பட்டவை. ரிப்பீட்டரோ ஆபத்துக் காலத்தில் ஓயாது பேசும். ஆதலால் 50 வாட் கருவியை 20 அல்லது 25 வாட் அளவிலேயே இயக்கி, வெப்பம் தணிய விசிறியும் பொருத்துதல் நலம்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நான்கு கடமைகள் உண்டு. அலை வந்தவுடன் பரப்பும் கருவியை இயக்குதல் ஒன்று. குறித்த காலத்திற்கு ஒருமுறை நிலையத்தின் அழைப்புக் குறியீட்டை அறிவித்தல் இரண்டு. ஒருவர் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓயாது பேசினால் பரப்புவதை நிறுத்துதல் மூன்று. காதுக்கு எளிதில் கேளாத ஒரு தாழ்ந்த ஒலியுடன் வரும் அலைகளுக்கு மட்டுமே கதவைத் திறத்தல் நான்கு. இவ்வொலியை டோன் என்பர், 88.5 ஹெர்ட்ஸ் போன்ற அளவுகள் வழக்கத்தில் உள்ளன. வேண்டாத இரைச்சல் நிலையத்தை இயக்கிவிடாமல் இது காக்கும்.

டியூப்ளெக்ஸரின் அருமை

ஒரே ஏரியலில் கேட்பதும் பரப்புவதும் ஏககாலத்தில் நடைபெறுகின்றன. காதருகே பறை முழங்கும்போது தொலைவிலுள்ள குழந்தையின் குரலைக் கேட்க முயல்வது போன்றது இது. பரப்பும் கருவியின் சக்தி கேட்கும் கருவிக்குள் புகாமல் தடுப்பது டியூப்ளெக்ஸரின் வேலை. செம்பு அல்லது பித்தளையாலான உருளைகள் சில சேர்ந்தது இது. அரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமுள்ள ஒவ்வோர் உருளையும் ஓர் அதிர்வெண்ணை விட்டு மற்றதைத் தடுக்குமாறு திருத்தப்படுகிறது. நல்ல டியூப்ளெக்ஸர் 80 டெசிபல் அளவுக்குத் தடுக்கவேண்டும். அதாவது நுழையும் சக்தியைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும். தக்க அளவுகோல் கருவி இல்லாதவர் இதன் திருகுகளைத் தொடலாகாது.

கேபிளிலும் கருத்து வேண்டும். மலிவான மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீளத்திற்குள்ளாகவே சக்தியில் முக்கால் பங்கை வெப்பமாக்கி வீணாக்கிவிடும். அரை அங்குலத் தடிப்புள்ள செப்புக் குழாய்க் கேபிளோ ஐந்தில் நான்கு பங்கை ஏரியலுக்குச் சேர்க்கும். வாய்க்காலில் கசிவு இருந்தால் கடைமடைக்கு நீர் எட்டாது என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அலுமினியத் தகட்டின்மேல் கம்பிவலை பின்னிய கேபிள்கள் ரிப்பீட்டருக்கு ஏற்றவையல்ல. நாளடைவில் அவ்விரு உலோகங்களும் உராய்ந்து, கேட்கும் கருவியில் இரைச்சல் உண்டாக்கும்.

மின்சாரமும் இடியும்

மின்சார வாரியத்தின் மின்சாரம் நின்றபின் பேசுவதற்கென்றே ஏற்பட்ட நிலையம், அம்மின்சாரத்தையே முற்றிலும் நம்பியிருத்தல் தகாது. 25 வாட் கருவி பேசும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 6 ஆம்பியரும், கேட்கும்போது அரை ஆம்பியரும் இழுக்கிறது என்று கொள்வோம். நாளில் பாதி நேரம் பேசினால் 72, மீதி நேரத்திற்கு 6, ஆக 78 ஆம்பியர்-மணி செலவாகும். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாளுக்கு ஏறத்தாழ 160 ஆம்பியர்-மணிப் பாட்டரி தேவை. மூன்று நாட்களுக்கு வேண்டுமாயின் மும்மடங்கு வைத்தல் வேண்டும். 100 வாட் சூரிய ஒளித் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 25 ஆம்பியர்-மணி தரும். புயலை அடுத்த மேகமூட்டத்தில் அவ்வளவு எதிர்பார்க்கலாகாது.

கோபுரம், கேபிளின் வெளிக்கூடு, கருவிகள், மின்சார இணைப்பு ஆகிய யாவற்றின் எர்த்தையும் தனித்தனியே விடாமல் ஒன்றாக இணைக்கவேண்டும். தனித்தனியே இருப்பின், இடி விழும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கருவிகளின் வழியே பாயும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இடிகாப்புச் சாதனம் பொருத்துதல் இன்றியமையாதது.

பழுது காணும் முறை

பழுது நேர்ந்தவுடன் எல்லாவற்றையும் ஏககாலத்தில் கழற்றுவது கூடாது. நோய் நாடி, அதன் காரணம் நாடி, ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை.

முதலில் பாட்டரியைப் பார்க்கவேண்டும். பேசாதபோது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டி, பேசியவுடன் மிகவும் இறங்குமாயின், பாட்டரி முதுமையடைந்திருக்கலாம். அல்லது முனைகளில் களிம்பேறியிருக்கலாம். மெல்லிய கம்பியும் இதற்குக் காரணமாவதுண்டு.

அடுத்து வாட்மீட்டர் கொண்டு, ஏரியலுக்குச் செல்லும் சக்தியையும் திரும்பி வரும் சக்தியையும் அளக்கவேண்டும். திரும்புவது நூற்றுக்கு நான்கு பங்குக்குள் இருப்பின் குறையில்லை. பத்துப் பங்கைக் கடந்தால் ஏரியலிலோ கேபிளிலோ பழுது உண்டு. மழைக்காலத்தில் மட்டும் இவ்வாறு நேர்ந்தால், இணைப்புகளில் நீர் புகுந்துள்ளது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இணைப்பின்மேல் ரப்பர் நாடாவும், அதன்மேல் பிளாஸ்டிக் நாடாவும் கீழிருந்து மேலாகச் சுற்றினால், ஓடுகள் மழைநீரை வடிப்பதுபோல் நீர் வழிந்துவிடும்.

தொலைவிலுள்ளோர் குரல் நிலையம் பரப்பாதபோது தெளிவாகவும், பரப்பத் தொடங்கியதும் இரைச்சலுக்குள் மூழ்கியும் கேட்டால், நிலையம் தன் குரலாலேயே தன் காதை அடைத்துக் கொள்கிறது என்பது பொருள். அப்போது ஏரியலைக் கழற்றி, சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோட் என்ற சுமையை அவ்விடத்தில் இணைக்கவேண்டும். பின், சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மெல்லிய அலையைச் செலுத்திப் பரப்பும் கருவியை நிறுத்தியும் இயக்கியும் பார்க்கவேண்டும். இரைச்சல் மறைந்தால் குறை ஏரியல், கேபிள், கோபுரம் ஆகியவற்றில் உள்ளது. மறையாவிடில் டியூப்ளெக்ஸரிலோ கருவிகளிலோ அவற்றை இணைக்கும் சிறு கேபிள்களிலோ உள்ளது. பாதி இடத்தை இவ்வொரு சோதனையே நீக்கிவிடுகிறது.

காற்று வீசும்போது மட்டும் கரகரப்பு வந்தால், துருப்பிடித்த ஆணிகளையும் தளர்ந்த இழுகம்பிகளையும் கவனிக்கவேண்டும். நண்பகலில் மட்டும் கெட்டு மாலையில் சீராகுமாயின், வெப்பத்தால் டியூப்ளெக்ஸரின் திருத்தம் நகர்ந்திருக்கலாம். ஒருவரும் பேசாமலேயே நிலையம் இயங்கிக் கொண்டிருந்தால், டோன் ஏற்பாடு செயற்படுகிறதா என்று நோக்கவேண்டும். குளவிக் கூடும் எலிக்கடியும் எந்த நூலிலும் காணாத பழுதுகளை விளைவிக்கும். ஒவ்வொரு சோதனையின் அளவையும் நாளிட்டு நோட்டில் எழுதிவைப்பது பெரும் பயன் தரும். நலமாக இருந்த நாளின் அளவு தெரியாதவர் நோயுற்ற நாளின் அளவைக் கண்டு என்ன அறிய முடியும்?

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ரிப்பீட்டர் நிலையத்தை எவரும் விரும்பியவாறு அமைத்தல் இயலாது. மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை அளிக்கும் உரிமம் வேண்டும். பேசுவோரும் உரிமம் பெற்றவராயிருத்தல் வேண்டும். வியாபாரத்திற்கு இதனைப் பயன்படுத்துவதற்கில்லை. நெல் விலையும் வாழைத்தார் விலையும் பேச இது இடமன்று. ஆகவே பஞ்சாயத்து தானே நிலையம் வைப்பதைவிட, உரிமம் பெற்ற ஹாம் சங்கத்திற்குத் துணைபுரிவதே உகந்த வழி. உயரமான இடம், பூட்டும் அறை, மின் இணைப்பு, காவல் ஆகியவற்றை ஊர் தரலாம். மின்னியலில் ஆர்வமுள்ள இளைஞர், பெண்கள் இருவர் மூவரைத் தேர்வுக்குப் பயில ஊக்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பழக்கம். மாதம் ஒருமுறை குறித்த நேரத்தில் ஊருக்கு ஊர் அழைத்து, ஊர்ப்பெயர், தேவை, எண்ணிக்கை என்ற வரிசையில் சுருக்கமாகச் செய்தி சொல்லிப் பழகவேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள், மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து ஒரு முழு நாள் நிலையத்தைப் பாட்டரியில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அன்று வெளிப்படும் குறையைத் திருத்த நமக்கு அவகாசம் உண்டு. புயலன்று வெளிப்படும் குறைக்கு அவகாசம் இல்லை. மழைக்கு முன்னரே ஏரிக்கரையைச் செப்பனிடும் வழக்கமுடைய நம் கிராமங்களுக்கு இது புதிய பாடம் அன்று. கரையைக் காப்பது போலவே செய்தி வழியையும் காப்போமாக.