அரசனை வளர்த்த கோட்டை



அப்பம் உண்டு நிறைவடைந்த மக்கள் தம்மை அரசராக்க முயன்றபோது, இயேசு விலகித் தனியாய் மலைக்குச் சென்றார் என யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். அரசாட்சி தன் வாசலுக்கே வந்தபோது ஒரு துறவற சபை என்ன செய்தது என்பதை இன்று சிந்திப்போம்.

டெம்ப்ளர் சபையினர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளோடு வாளும் ஏந்தியவர்கள். திருப்பயணிகளைக் காக்க எருசலேமில் தோன்றிய இச்சபைக்கு 1129-இல் திருச்சபையின் ஏற்பு கிடைத்தது. 1134-இல், இன்றைய இஸ்பெயினிலுள்ள அரகோனின் அரசர் முதலாம் அல்போன்சோ பிள்ளையின்றி இறந்தார். தம் அரசு முழுவதையும் டெம்ப்ளர் உள்ளிட்ட மூன்று சபைகளுக்கு உயில் எழுதியிருந்தார். பிரபுக்கள் ஏற்கவில்லை, துறவியாய் இருந்த அரசரின் தம்பியை அரியணை ஏற்றினார்கள். 1143-இல் டெம்ப்ளர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தனர். ஆனால் வெறுங்கையோடு அல்ல. மொன்சோன் முதலிய கோட்டைகள், அரச வருவாயில் பத்தில் ஒரு பங்கு, முஸ்லிம் அரசுகளிடமிருந்து இனி வெல்லும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1148-இல் தொர்த்தோசா நகரும் அடுத்த ஆண்டு லெரிதாவும் வீழ்ந்தபோது அங்கும் பங்கு பெற்றனர். தனித்தனியே ஏழைகளாய் இருந்தவர்கள், சபையாகச் செல்வந்தரானார்கள்.

நல்லதும் செய்தார்கள். 1213-இல் தந்தையைப் போரில் இழந்த இளவரசன் ஜேம்ஸை மொன்சோன் கோட்டையில் வைத்துக் காத்தார்கள். ஆறு வயதில் வந்த சிறுவன் ஒன்பது வயதில் அரசனாய் வெளியே வந்தான்.

நூறாண்டுகள் நிறைவுறுமுன், 1307-இல், பிரான்ஸ் அரசர் நான்காம் பிலிப் டெம்ப்ளரைச் சிறைபிடித்தார். அரகோனிலும் கைது ஆணை பிறந்தது. ஆணையிட்டவர், அந்தச் சிறுவனின் பேரன் இரண்டாம் ஜேம்ஸ்! தாத்தாவை வளர்த்த கோட்டையையே பேரனின் படை முற்றுகையிட்டது. 1309-இல் மொன்சோன் பணிந்தது. 1312-இல் தாரகோனா ஆயர்கள் சங்கம், அரகோன் டெம்ப்ளர் குற்றமற்றவர்கள் என்றது. அதற்குள் சபையே கலைக்கப்பட்டிருந்தது.

நம்மிடம் யாரும் அரசை ஒப்படைப்பதில்லை. ஆனால் திருவிழா மேடைக்குப் பெரிய மனிதரைத் தேடுகிறோம். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று வழக்காடுகிறோம். வீட்டில் எளிமையாய் வாழும் நாம், பங்காகவும் சபையாகவும் சேரும்போது எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. குருக்களாகிய நாமே இதில் முதலில் மனம் வருந்த வேண்டும். அதிகாரத்தின் நிழலில் ஒதுங்கலாம். அந்த நிழல் நமக்குச் சொந்தமில்லை.

தனியாய் மலைக்குச் சென்ற ஆண்டவரே, விலகத் தெரிந்த உள்ளத்தை எங்களுக்கும் தாரும். ஆமென்.