அதே பெட்ரோல், வேறு எண்

ஜெர்மனியில் வேகமான கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறீர்கள். டேங்க் மூடியின் உள்பக்கம் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ‘98 ஆர்.ஓ.என்.’, அதாவது பெட்ரோலின் ஆக்டேன் எண். பங்கில் 95, 98, சில இடங்களில் 100, 102 கூட உண்டு. ஸ்டிக்கரைப் பார்த்துப் போட்டால் போதும்.

அதே மாடலை அமெரிக்காவில் ஓட்டினால்? பங்கில் 87, 89, 91, 93 என்றுதான் இருக்கும். பதற வேண்டாம், கணக்குதான் வேறு. ஐரோப்பாவில் ஆர்.ஓ.என். மட்டும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் அதோடு, கடுமையான இன்னொரு சோதனையில் கிடைக்கும் எம்.ஓ.என். எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். அங்குள்ள 93, ஏறக்குறைய ஜெர்மனியின் 98.

இந்த எண்கள் காட்டும் ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, அழுத்தத்தைத் தாங்கும் பொறுமை. டர்போ இன்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். ஆக்டேன் குறைந்தால், பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேரும் முன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். இரும்பில் சுத்தியால் தட்டுவதுபோல் ‘டிக் டிக்’ என்று கேட்கும். இன்றைய கார்களில் சென்சார் அதை உணர்ந்து தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், இழுவை குறையும்.

கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் 85 கூட விற்கிறார்கள். மலைக்காற்று மெலிந்தது என்பதால் பழைய கார்பரேட்டர் வண்டிகளுக்கு அது ஒத்துவந்தது. டர்போ காருக்கு அந்தக் குழாயைத் தொடவே தொடாதீர்கள்.