என்ஜினின் மூச்சுக் குழாய்

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதிக்கு அருகே இருக்கிறது ஏரியூர். இதுபோன்ற ஊர்களில் வாடகைக் கார் என்பது ஆடம்பரம் அல்ல. நள்ளிரவில் நோயாளியைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ கொண்டு சேர்ப்பது அதுதான். கடன் வாங்கி அந்தக் காரை ஓட்டுபவருக்கு, மேட்டில் இழுவை குறைந்து மைலேஜும் சரிந்தால் குடும்ப வரவே குறைகிறது. பணிமனையில் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'கார்பன் அடைத்திருக்கிறது.'

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் அதை அகற்றுவதற்கு மட்டும் செலவழித்தால், சில மாதங்களில் மீண்டும் அதே செலவுதான்.

என்ஜினில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் அழுத்தத்தில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே கசிகிறது. புதிய என்ஜினிலும் இது நிகழும். எரியாத எரிபொருள், நீராவி, புகைக்கரி ஆகியவற்றைச் சுமந்த அந்த வாயு, கிராங்க் தண்டு சுழலும் அறையில் என்ஜின் ஆயிலின் நுண்துளிகளோடு கலக்கிறது. அதற்குப் போக்கிடம் இல்லையென்றால் அழுத்தம் கூடி, ஆயில் சீல்கள் வழியே எண்ணெய் வெளியேறும்.

ஒரு காலத்தில் இந்த வாயு ஒரு குழாய் வழியே நேராகச் சாலையில் விடப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்கு வாகனங்கள் வெளியிடும் ஹைட்ரோகார்பன்கள் முக்கியக் காரணம் என்று விளக்கினார் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதன் தொடர்ச்சியாக, 1961-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் கலிபோர்னியாவில் இந்த வாயுவை மீண்டும் என்ஜினுக்குள் இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பே 'பிசிவி' வால்வு.

காற்று தூய்மையானது, ஆனால், எண்ணெய்த் துளிகள் காற்று உள்ளே செல்லும் பாதைக்கு இடம் மாறின. பழைய பெட்ரோல் என்ஜின்களில் இது பெரிய சிக்கலாகவில்லை. உள்வாயில் வால்வின் பின்புறம் பெட்ரோல் தெளிக்கப்பட்டதால், படியும் எண்ணெயை அதுவே கழுவிவிடும். இன்று பரவிவரும் நேரடித் தெளிப்பு டர்போ பெட்ரோல் என்ஜின்களில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வைக் கழுவ எதுவும் இல்லை. சூடான வால்வின் மீது எண்ணெய் படிந்து, காய்ந்து, கரியாக இறுகுகிறது. டீசல் என்ஜின்களிலோ, மாசைக் குறைக்கத் திருப்பி அனுப்பப்படும் புகையின் கரியும் இந்த எண்ணெயும் சேர்ந்து, காற்றுப் பாதையில் தார்போல ஒட்டிக்கொள்கின்றன.

விளம்பரங்களில் காணும் 'டீகார்பனைசிங்' முறைகளை இந்த அறிவோடு எடைபோட வேண்டும். எரிப்பு அறைக்குள் நிகழும் சுத்திகரிப்பு, அந்த அறைக்கு வெளியே இருக்கும் வால்வின் பின்புறத்தை எட்டுவதில்லை. இறுகிப்போன கரியை அகற்ற, உள்வாயில் பகுதியைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடிப்பது போன்ற நேரடி முறைகளே நம்பகமானவை.

கரி சேருவதைக் குறைக்கும் மேம்பாடாக இன்று பேசப்படுவது 'கேட்ச் கேன்' எனப்படும் எண்ணெய்ப் பிரிப்புக் கலன். கிராங்க் அறையிலிருந்து வரும் வாயுவை இடைமறித்து, உள்தடுப்புகளில் மோதவிட்டு, எண்ணெயையும் நீரையும் பிரித்துத் தேக்கிக்கொண்டு, வாயுவை மட்டும் உள்ளே அனுப்பும். நேரடித் தெளிப்பு என்ஜின்களில் இதற்குப் பயன் உண்டு. உள்தடுப்பு இல்லாத வெற்று டப்பாவால் பயனில்லை. கலனை அவ்வப்போது வடிக்காவிட்டால், தேங்கிய எண்ணெயே உறிஞ்சப்படும். குழாய் அடைபட்டால் சீல்கள் கசியும். வாரண்டி உள்ள வாகனத்தில் நிறுவனத்திடம் கேட்காமல் இதைப் பொருத்துவது, பின்னாளில் உரிமை கோரும்போது இடராகலாம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. சிலர் குழாயை மீண்டும் என்ஜினோடு இணைக்காமல் வெளியே திறந்து விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் வாகனங்களின் கிராங்க் அறை வாயு வெளிக்காற்றில் கலக்க, பாரத் ஸ்டேஜ் விதிகள் இடம் தருவதில்லை. நம் வால்வைக் காப்பதற்காக ஊராரின் நுரையீரலில் அந்த நச்சை இறக்குவது, கலிபோர்னியா அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட வழக்கத்துக்குத் திரும்புவதாகும்.

கலன் வாங்கும் முன் செய்ய வேண்டியவை எளியவை. பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா, அதன் ரப்பர்க் குழாய் விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பல மாடல்களில் வால்வின் விலை, கரி அகற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். சில புதிய என்ஜின்களில் மட்டும் அது மேல்மூடியோடு இணைந்தே வருகிறது. நிறுவனம் குறித்த தர ஆயிலையே ஊற்ற வேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் என்ஜின் முழுதாகச் சூடேறாது. நீராவி ஆயிலிலேயே தங்கிச் சேறாகும். அத்தகைய காருக்குக் கிலோமீட்டர் கணக்கை விட மாதக் கணக்கே முக்கியம். இவற்றுக்குப் பிறகும் ஆயில் தொடர்ந்து குறைந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அதை எந்தக் கலனும் குணப்படுத்தாது.

கார் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. குறித்த கால சர்வீஸ் பட்டியலில் கிராங்க் அறைக் காற்றோட்டச் சோதனையைத் தனி வரியாகச் சேர்த்து, கையேட்டில் அதைத் தமிழில் விளக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக் பயிலும் மாணவர்களுக்கு, கரியை அகற்றுவதோடு அது சேரும் காரணத்தைக் கண்டறியவும் கற்றுத்தர வேண்டும். அப்போதுதான் 'கார்பன் அடைத்திருக்கிறது' என்று சொல்லும் மெக்கானிக்கிடம், 'பிசிவி வால்வைப் பார்த்தீர்களா?' என்று ஏரியூர் ஓட்டுநரால் திருப்பிக் கேட்க முடியும்.